காஞ்சிபுரம் பட்டு வடிவமைப்பு: அடையிலிருந்து கணினி வரை

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரை, உடல், முந்தி ஆகிய பகுதிகளில் வரும் உருவங்களை வரைந்து, அவற்றை இழை இழையாகப் பிரித்து, எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்கு உணர்த்தும் வேலை வடிவமைப்பு எனப்படுகிறது. இந்த வேலை முதலில் அடை எனப்படும் நூல் கட்டில் நடந்தது. பின்னர் கிராப் தாளுக்கும் ஜக்கார்டு பெட்டியின் துளை அட்டைக்கும் மாறியது. கடந்த சில பத்தாண்டுகளாகக் கணினித் திரையில் நடக்கிறது. கருவி மாறிய ஒவ்வொரு முறையும் நெசவாளருக்கும் வடிவத்துக்கும் இடையே இருந்த தூரம் சற்று நீண்டது. கணினியில் வடிவமைக்கக் கற்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தத் தூரத்திலிருந்து வருபவையே.

நெசவாளரும் கணக்கும்

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் எண்ணிக்கையோடும் கணக்கோடும் பழகியவர்கள் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அன்று கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியில் அரண்மனைக்குத் துணி நெய்த பட்டசாலியர் வாழ்ந்த குடியிருப்புகளை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகத்தையும் கணக்கையும் கவனிக்கும் பொறுப்பு அவர்களுக்கு வழங்கப்பட்டதையும் தெரிவிக்கிறது. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சிக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. கணக்கு காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதியும் அவற்றில் உண்டு. கணக்கு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருந்த ஒரு வட்டாரத்தில் ஒரு கோயிலின் கணக்கு நெசவாளர் கையில் கொடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. தறியில் அமர்பவர் நாள் முழுவதும் எண்ணிக்கொண்டே இருப்பவர் என்பதை அறிந்தவருக்கு இது வியப்பாக இருக்காது.

அடை

வெறும் துணி நெய்ய இரண்டு விழுதுகள் போதும். ஒரு மிதியை மிதித்தால் பாவு இழைகளில் பாதி மேலே எழும், மறு மிதிக்கு மறு பாதி எழும். ஆனால் ஒரு மயிலையோ மாங்காயையோ நெய்ய வேண்டுமானால் ஒவ்வொரு ஊடைக்கும் வெவ்வேறு பாவு இழைகள் எழ வேண்டும். அந்த ஒழுங்கை எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். அடை முறையில் அது நூலில் எழுதப்பட்டது. தறிக்கு மேலே கட்டப்பட்ட நூல் கண்ணிகளில் ஒவ்வொரு ஊடைக்கும் உரிய இழைகள் தனித்தனிக் கொத்துகளாகப் பிரித்துக் கட்டப்பட்டிருக்கும். உதவியாள் ஒருவர் அவற்றை வரிசையாக இழுத்துக் கொடுக்க, நெசவாளர் நாடாவைச் செலுத்துவார். கண்ணிகள் ஒரு சுற்று முடிந்ததும் உருவம் மீண்டும் தொடங்கும்.

அடை கட்டுவது தனித் திறமை. கட்டத் தெரிந்தவர் மனக்கண்ணில் முழு உருவத்தையும் இழைக் கணக்காகவே பார்க்க வேண்டும். கோபுரக் கரை, ருத்திராட்சம், வைர ஊசி, மயில்கண், மல்லிமொக்கு போன்ற வடிவங்கள் பல தலைமுறைகளாக மாறாமல் நீடித்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. சிறிய எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களே அடைக்கு ஏற்றவை. கருவியின் எல்லைக்குள் நின்றுதான் மரபு உருவானது.

அடையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இழுத்துக் கொடுக்கும் உதவியாள் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தனர். கோர்வை நெசவிலும் அப்படியே. கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து ஊடைகள் ஒன்றோடொன்று பிணைந்து வருவது கோர்வை. இதற்கு இரு கரைகளுக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் தேவை. ஒரு பக்கத்து நாடாவைச் செலுத்த இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நீண்ட காலம் குழந்தையின் கையாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய பேச்சில் காஞ்சிபுரத்தின் பெயர் அடிக்கடி வந்ததற்கு இதுவே பின்னணி.

துளை அட்டை

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பிரான்சின் லியோன் நகரிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கும் நூல் இழுக்கத் தறிக்கொரு சிறுவன் தேவைப்பட்டான். பசீல் பூஷோன் 1725 இல் துளையிட்ட தாள் சுருளைப் பயன்படுத்தினார். ஃபால்கோன் 1728 இல் சுருளுக்குப் பதில் அட்டைகளை வைத்தார். வோகான்சன் இம்முயற்சியைத் தானாக இயங்கும் தறியாக்க முயன்றார். இவற்றையெல்லாம் சேர்த்து நடைமுறைக்கு ஏற்ற கருவியாக 1804 அளவில் ஆக்கியவர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. தறிக்கு மேலே பொருத்தும் அந்தப் பெட்டியில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்துக் கொக்கி தன் பாவு இழைகளைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது.

இதைக் கணினியின் முன்னோடி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வு எந்திரத்துக்குத் துளை அட்டைகளைப் பயன்படுத்த எண்ணியது உண்மை. ஜக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த படம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். அடா லவ்லேஸ் 1843 இல் எழுதிய குறிப்புகளிலும் ஜக்கார்டு தறி ஒப்புமையாக வருகிறது. ஆனால் ஜக்கார்டு தறி கணக்கிடாது. அது சொன்னதைத் திரும்பச் செய்யும், அவ்வளவுதான். கணக்குப் போடும் வேலை அட்டை அடிப்பதற்கு முன்பே மனிதர் தலையில் முடிந்திருக்கும். கணினி காஞ்சிபுரத்துக்கு வந்தபோது அது எடுத்துக்கொண்டது இந்தத் தலை வேலையின் ஒரு பகுதியைத்தான்.

தமிழ்நாட்டு நெசவாளர்கள் புதிய கருவி எதையும் உடனே ஏற்றவர்களல்லர். அதற்குக் காரணமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை மாகாணத்தில் விசைநாடாத் தறியைப் பரப்ப முயன்று சேலத்தில் ஒரு நெசவுக்கூடமும் நடத்தினார். சாதாரணப் பருத்தித் துணிக்கு விசைநாடா வேகம் தந்தது. கோர்வைச் சேலைக்கோ அது பயன்படவில்லை. மூன்று நாடாக்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செலுத்த வேண்டிய இடத்தில், ஒரே நாடாவை இழுத்து விடும் கயிறு என்ன செய்யும்?

ஜக்கார்டு பெட்டி அப்படியல்ல. அது நாடாவைத் தொடுவதில்லை. பாவைத் தூக்குவது மட்டுமே அதன் வேலை. ஆகவே கோர்வை கோர்வையாகவே இருக்க, அடை இருந்த இடத்தில் பெட்டி வந்து அமர்ந்தது. 120, 240, 480 கொக்கிகள் கொண்ட பெட்டிகள் புழக்கத்துக்கு வந்தன. இரு கரைகளும் ஒரே வடிவம் என்பதால் ஒரு கொக்கியிலிருந்தே இரண்டு கரைகளுக்கும் கயிறு கட்ட முடிந்தது. ஓர் அட்டைச் சரம் இரு கரைக்கும் போதுமானது. வடிவம் இழுக்க உதவியாள் தேவையில்லாமல் போனது. கோர்வைக்கு மட்டும் இன்னொரு கை தொடர்ந்து தேவைப்பட்டது.

தொல்லைகளும் இல்லாமலில்லை. குழித்தறி தாழ்ந்த கூரையின் கீழும் அமையும். ஜக்கார்டு பெட்டிக்கோ தறிக்கு மேலே நல்ல உயரம் வேண்டும். கொக்கிகள் கூடக்கூட மிதியின் கனமும் கூடும். அதிகக் கொக்கிகள் உள்ள பெட்டியை நாள் முழுவதும் மிதிப்பவரின் முழங்காலும் இடுப்பும் அதற்கு விலை கொடுக்கும். இதனால்தான் காற்றழுத்தம் அல்லது சிறு மோட்டார் கொண்டு பெட்டியைத் தூக்கும் அமைப்புகள் பின்னாளில் வந்தன.

கிராப் தாளின் காலம்

ஜக்கார்டு பரவியபோது மூன்று புதிய வேலைகள் பிறந்தன. ஒருவர் வெள்ளைத் தாளில் வரைவார். ஒருவர் அதைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார். இன்னொருவர் கிராபைப் பார்த்து அட்டையில் துளை அடித்து, அட்டைகளை வரிசையாகக் கோர்த்துத் தருவார். அடை காலத்தில் தறியடியிலேயே நடந்த வேலை தறியை விட்டு வெளியே வந்தது இப்போதுதான். கணினி செய்த மாற்றமாகப் பலரும் கருதும் இந்தப் பிரிவு உண்மையில் கணினிக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

வேலையின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 240 கொக்கிப் பெட்டியில், ஓர் அங்குலத்துக்கு 80 ஊடை என்ற கணக்கில், 5 அங்குல உயரமுள்ள ஓர் உருவம் வேண்டுமானால் 400 ஊடைகள், அதாவது 400 அட்டைகள் தேவை. கிராபில் 240 பெருக்கல் 400, ஆக மொத்தம் 96,000 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் துளையா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு பெரிய முந்திக்கான கிராப் முடிய வாரங்கள் ஆகும். பிழை ஏற்பட்டால் சேலையில்தான் தெரியும். தெரிந்த பிறகு அந்த அட்டையைத் தேடிப் பிடித்து, தவறான துளையை ஒட்டி அடைக்க வேண்டும்.

இந்தக் காலத்தில்தான் வடிவமைப்புக்கு நிறுவனங்களின் துணை கிடைத்தது. கோ-ஆப்டெக்ஸ் 1935 இல் தொடங்கப்பட்டது. ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் அமைத்த நெசவுக்கூடம் பழைய காஞ்சிபுரம் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டெடுத்தது. நடுவண் அரசு 1956 முதல் நெசவாளர் சேவை மையங்களை நிறுவியது. சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ஓவியர் பலர் அவற்றில் வடிவமைப்பாளர்களாகப் பணியாற்றினர். காஞ்சிபுரத்திலும் அத்தகைய மையம் உண்டு. சேலத்தில் இந்திய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் செயல்படுகிறது. ஓவியரும் நெசவாளரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பேசிக்கொண்ட அரிய வாய்ப்பு இந்த மையங்களில் கிடைத்தது. பிற்காலக் கணினிப் பயிற்சிகள் பலவற்றில் இல்லாமல் போனது இதுவே.

தறிக்குத் திரும்பி வந்த கணினி

ஹெர்மன் ஹோலரித் 1890 ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டையைப் பயன்படுத்தினார். ஜக்கார்டைவிட ரயில் டிக்கெட்டில் துளையிடும் முறையே அவருக்குத் தூண்டுதலாக இருந்தது என்பர். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து 1924 இல் ஐபிஎம் என்ற பெயரைப் பெற்றது. ஐவன் சதர்லாண்டு 1963 இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையில் ஒளிப்பேனாவால் வரைய வழி செய்தது. இன்றைய கணினி வழி வடிவமைப்பு மென்பொருள்கள் அனைத்துக்கும் அது மூத்தது.

அதே பத்தாண்டில் ஐபிஎம்மில் பணியாற்றிய ஜேனிஸ் லூரி, துணி வடிவமைப்புக்கென ஒரு முறையை உருவாக்கினார். திரையில் வரைந்த படத்தைக் கணினியே நெசவுக் கட்டங்களாக மாற்றித் தறிக்கு அனுப்பும். 1968 இல் சான் அன்டோனியோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இது செய்து காட்டப்பட்டது. 1970 இல் கிடைத்த அதற்கான காப்புரிமை, ஐபிஎம்மின் முதல் மென்பொருள் காப்புரிமை எனக் கருதப்படுகிறது. தறியின் அட்டையைக் கண்டு தொடங்கிய சிந்தனை ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தறிக்கே மென்பொருளாகத் திரும்பியது. அந்த வேலையைச் செய்தவர் தாமே நெசவும் அறிந்த ஒரு பெண் என்பது தற்செயல் அன்று.

1983 இல் மிலான் நகரில் நடந்த துணி எந்திரக் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டை வைத்தது. இதில் அட்டையே இல்லை. கணினிக் கோப்பு மின்காந்தங்கள் வழியாகக் கொக்கிகளை நேரடியாக இயக்கும். பின்னர் நெதர்லாந்தின் நெட்கிராபிக்ஸ், ஸ்லோவீனியாவின் அரானே, மும்பையின் டெக்ஸ்ட்ரானிக் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் சந்தைக்கு வந்தன. பெரும் ஆலைகளை எண்ணி எழுதப்பட்ட மென்பொருளின் விலை தனி நெசவாளருக்கோ சிறு கூட்டுறவுச் சங்கத்துக்கோ எட்டாதது. இதற்கு மாற்றாக, இன்று டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் எனப்படும் மீடியா லேப் ஆசியா, டிஜிபுனை என்ற திறமூல மென்பொருளை ஜக்கார்டு, டாபி நெசவுகளுக்காக உருவாக்கியது.

காஞ்சிபுரத்தில் கணினி வந்ததும் அட்டை உடனே மறைந்துவிடவில்லை. கணினியில் வடிவமைத்து, அந்தக் கோப்பைக் கொண்டு எந்திரத்தில் அட்டை அடித்து, பழைய பெட்டியிலேயே மாட்டும் இடைநிலை முறையே முதலில் பரவியது. இது அறிவுடைய சமரசம். மின்னணுப் பெட்டிக்குத் தடையில்லா மின்சாரமும் பழுது பார்ப்பவரும் வேண்டும். மின்வெட்டு வந்தாலும் துளை அட்டை வேலை செய்யும்.

திரையில் கற்பது

கணினியில் சேலை வடிவமைக்கக் கற்பவர் இரு வழிகளில் வருகிறார். ஒருவர் தறியை அறிந்தவர், கணினியை அறியாதவர். மற்றவர் கணினியை அறிந்தவர், தறியைத் தொடாதவர். முதலாமவருக்குச் சுட்டியைப் பிடித்துப் பழகச் சில வாரங்கள் போதும். இரண்டாமவருக்குத் தறி புரிய மாதங்கள் ஆகும், புரியாமலேயும் போகலாம். பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாமவரை எண்ணியே வகுக்கப்படுவது விந்தை.

அடிப்படைப் பாடம் எளிது. திரையில் ஒரு புள்ளி என்பது ஒரு பாவு இழையும் ஓர் ஊடையும் வெட்டிக்கொள்ளும் இடம். கறுப்புப் புள்ளியில் பாவு எழும், வெள்ளையில் எழாது, அல்லது இதற்கு மாறாக. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இதன் விளைவுகளைப் பழகத்தான் காலம் வேண்டும்.

முதலில் இடறுவது விகிதத்தில். திரையில் புள்ளி சதுரம். துணியில் அது சதுரமாக இருக்க வேண்டியதில்லை. ஓர் அங்குலத்தில் 100 பாவு இழைகளும் 80 ஊடைகளும் உள்ள துணியில் 2 அங்குல வட்டம் நெய்ய 200 பாவு இழைகளும் 160 ஊடைகளும் தேவை. சதுரப் புள்ளிகளில் இது அகன்ற முட்டையாகத் தெரியும். புதிதாகக் கற்பவர் அதைப் பிழை என்று எண்ணி, திரையில் வட்டமாக வரும்படி 200 க்கு 200 என்று திருத்துவார். துணியில் அது 2 அங்குல அகலமும் இரண்டரை அங்குல உயரமும் உள்ள முட்டையாக நெய்யப்படும். பழைய கிராப் தாள்களில் கட்டங்கள் இந்த விகிதத்துக்கு ஏற்ப அச்சிடப்பட்டிருந்ததால் கை வரைவாளருக்கு இந்தக் குழப்பம் குறைவு. மென்பொருளிலும் விகிதத்தைக் குறிப்பிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் எண்ணைத் தறியிலிருந்து எடுத்துவர வேண்டும். அச்சின் எண்ணிக்கையையும் நெசவாளர் எவ்வளவு இறுக்கி அடிக்கிறார் என்பதையும் கேட்காமல் அந்த எண் கிடைக்காது.

அடுத்தது விளிம்பு. படம் வரையும் பொது மென்பொருள்கள் கோட்டின் ஓரத்தைக் கண்ணுக்கு மென்மையாகக் காட்ட இடைநிறங்களைத் தாமாகச் சேர்க்கும். ஸ்கேன் செய்த படத்தில் ஆயிரக்கணக்கான நிறங்கள் இருக்கும். தறியில் இடைநிறம் கிடையாது. இழை எழும் அல்லது எழாது, பாதி எழாது. எனவே படத்தை நான்கைந்து நிறங்களுக்குக் குறைத்து, ஓரங்களைப் புள்ளி புள்ளியாகத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தத்தில்தான் நல்ல வடிவமைப்பாளரை அடையாளம் காணலாம். மயிலின் கழுத்து வளைவு படிக்கட்டாக உடையாமலிருக்க எந்தப் புள்ளியை எடுப்பது, எதைச் சேர்ப்பது என்பதை மென்பொருள் சொல்லித் தராது.

மூன்றாவது மிதக்கும் சரிகை. ஒரு பெரிய பூவின் நடுவை முழுதும் சரிகையால் நிரப்ப வேண்டும் என்றால் சரிகை இழை பல பாவு இழைகளுக்கு மேலே தடையின்றி ஓடும். 30 இழைகளுக்கு மேல் ஓடினால், மேற்சொன்ன துணியில் அது கிட்டத்தட்ட கால் அங்குலத்துக்கும் மேல் பிடிப்பின்றித் தொங்கும். வளையலில் மாட்டும், மெட்டியில் மாட்டும், அறுந்து தொங்கும். ஆகவே இடையிடையே ஒரு பாவு இழை சரிகையைக் கட்டிப்பிடிக்க வேண்டும். கட்டும் புள்ளிகள் ஒழுங்கற்று விழுந்தால் பூவின் நடுவில் வேண்டாத கோடு தெரியும். மிதக்கும் இடங்களை மென்பொருள் கண்டுபிடித்துக் காட்டும். தானாகக் கட்டும் வசதியும் உண்டு. அதை அப்படியே நம்பினால் இலையின் நரம்பு போக வேண்டிய திசைக்குக் குறுக்கே கட்டுப் புள்ளிகள் ஓடும். பழைய வரைவாளர்கள் கட்டுப் புள்ளிகளையே நரம்பாகவும் இறகாகவும் ஆக்கினர். குறையை அழகாக்கும் அந்த உத்தியைப் பழைய சேலைகளைக் கூர்ந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

காஞ்சிபுரத்துக்கே உரிய சில கட்டுப்பாடுகளும் உண்டு. கோர்வைக் கரையில் ஊடைகள் பிணையும் எல்லை உருவத்தை வெட்டக்கூடாது. முந்தியின் நிறம் உடலிலிருந்து மாறும் சேலையில், பழைய பாவு முடியும் இடத்தில் புதுப் பாவை இழைக்கு இழை பிணைக்கும் பெட்னி என்ற முறை பயன்படும். அந்த இடத்தில் ஒரு சிறு இடைவெளியோ வரியோ தெரியும் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். பொதுவான ஜக்கார்டு மென்பொருளின் கையேட்டில் இவற்றைத் தேடினால் கிடைக்காது.

யாருடைய வடிவம்

கொக்கிகள் பெருகியதும் கணினி வந்ததும் வடிவத்தின் எல்லைகள் மிகவும் விரிந்தன. 2008 இல் சென்னை சில்க்ஸ் வெளியிட்ட சேலையில் ராஜா ரவிவர்மாவின் 11 ஓவியங்கள் நெய்யப்பட்டிருந்தன. சுமார் 40 லட்சம் ரூபாய்க்கு விற்ற அச்சேலை உலகிலேயே விலை உயர்ந்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. இன்று மணமக்களின் உருவத்தையே முந்தியில் கேட்பவர்களும் உண்டு. ஓவியத்தை அப்படியே நெய்வது தொழில்நுட்பத்தின் வெற்றிதான். சேலையின் வெற்றியா என்பது வேறு கேள்வி. கொசுவத்தில் மடிந்து நடையில் அசையும் துணிக்கு வைர ஊசியும் மல்லிமொக்கும் பொருந்துவதுபோல் சட்டமிட்ட ஓவியம் பொருந்துவதில்லை.

இதைவிடக் கடுமையான சிக்கல் நகலெடுப்பு. அடை ஒரு தறியை விட்டு எளிதில் நகராது. அட்டைச் சரத்தை இன்னொருவர் பயன்படுத்த வேண்டுமானால் சுமந்து செல்ல வேண்டும். கணினிக் கோப்போ கைப்பேசியில் நொடியில் ஊர் தாண்டும். அதை விசைத்தறியில் ஏற்றினால், கைத்தறியில் பல நாள் ஆகும் சேலையின் சாயலை ஒரே நாளில் பல மடங்கு நெய்துவிடலாம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உள்ளது. அது பெயரைக் காக்கும். ஒரு குறிப்பிட்ட பூவையோ கரையையோ காக்காது. வடிவத்தைக் காக்க 2000 ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். பத்தாண்டுப் பாதுகாப்பும் மேலும் ஐந்தாண்டு நீட்டிப்பும் கிடைக்கும். புதிய வடிவத்துக்கு மட்டுமே அது பொருந்தும். மரபு வடிவம் அனைவருக்கும் பொதுவானதால் யாரும் பதிவு செய்ய முடியாது. புது வடிவத்தைப் பதிவதும் வழக்காடுவதும் வசதி படைத்த கடைக்கு இயலும், கூலிக்கு நெய்பவருக்கு இயலாது. கோப்பு பெரும்பாலும் கடைக்காரரிடமோ வடிவமைப்பாளரிடமோ இருக்கிறது. அதை நெய்பவரிடம் அட்டைச் சரமும் பாவும் மட்டும் வந்து சேர்கின்றன.

கைத்தறி என்றால் என்ன என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்து எழுந்தது. 1985 ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறி எதுவும் கைத்தறி என்று சொன்னது. பெட்டியை மோட்டார் தூக்க, கோப்பை மின்னணுச் சுற்று படிக்க, நாடாவை மட்டும் கை செலுத்தினால் அது எந்த வகை? 2012 அளவில் இந்த வரையறையைத் தளர்த்தும் யோசனை வந்தபோது கைத்தறி ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். மிதிக்கும் சுமையைக் குறைப்பது நெசவாளரின் உடலுக்கு நல்லது என்பதில் இரு கருத்து இல்லை. சுமையைக் குறைக்கும் வாசல் வழியாக விசைத்தறி உள்ளே வந்துவிடும் என்பதே அச்சம். 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த நாட்டின் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20 இல் 35.22 லட்சமாகக் குறைந்திருந்தது. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல முடியாது.

பழைய சேலையைப் படித்தல்

கணினி வடிவமைப்பில் பேசப்படாமலே நடக்கும் நல்ல வேலை ஒன்று உண்டு. கிராப் தாள்கள் மக்கிவிட்டன. அட்டைகளைக் கரையான் தின்றது. அடை கட்டத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எஞ்சியிருப்பது பெட்டியில் மடித்து வைத்த பாட்டிமார் சேலைகள். அவற்றை ஸ்கேன் செய்தால் மட்டும் வடிவம் திரும்பாது. சரிகை தேய்ந்த இடத்தில் புள்ளிகள் காணாமல் போயிருக்கும், துணி இழுபட்ட இடத்தில் கட்டங்கள் சாய்ந்திருக்கும். இழை எண்ணும் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, முதலில் ஓர் அங்குலத்துப் பாவு இழைகளை எண்ணுவர். அடுத்து ஊடைகளை. பின்னர் சேலையைப் புரட்டி, பின்புறத்தில் சரிகை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு வரியாகத் திரையில் புள்ளி வைப்பர். முன்புறம் தேய்ந்திருந்தாலும் பின்புறத்துக் கட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.